சயாமுக்குப் போன ஆண்களும் தோட்டத்தில் நின்ற பெண்களும்

(போர்க்காலமும் பெண்களும் என்ற தலைப்பிலான தொலைக்காட்சிக் கருத்தரங்கில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



போர்க்காலப் பெண்கள் என்றதும் நம் மனக்கண்ணில் ஒரு படம் தோன்றும். இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் ஆண்கள் எல்லாம் போர்முனைக்குப் போய்விட, தலையில் துணியைக் கட்டிக்கொண்டு ஆயுதத் தொழிற்சாலைக்குள் நுழையும் பெண்ணின் படம் அது. அடுப்படியில் இருந்தவளைப் போர் தொழிற்சாலைக்கு அழைத்து வந்தது. அங்கே அவள் சம்பாதித்தாள். சம்பாதித்ததால் உரிமை கேட்டாள். பள்ளிப் பாடநூல்களும் ஏறக்குறைய இப்படித்தான் சொல்கின்றன. அந்த நாடுகளைப் பொறுத்தவரை அது பெருமளவு உண்மையும்கூட. பிரான்சு நாட்டுப் பெண்களுக்கு வாக்குரிமையே 1944ஆம் ஆண்டில், போரின் நடுவில்தான் கிடைத்தது.

ஆனால் ஜொகூர் மாநிலத்தின் ரப்பர்த் தோட்டங்களில் வாழ்ந்த நம் பாட்டிமார்களுக்கு இந்தப் படம் பொருந்துமா? பொருந்தாது. அவர்களைப் போர் வேலைக்கு அழைத்து வரவில்லை. அவர்கள் போருக்கு முன்பே வேலையில்தான் இருந்தார்கள். விடியும் முன்பே பெரட்டுக்கு நின்றவர்கள் அவர்கள். அப்படியானால் 1942 முதல் 1945 வரை, நம்மவர்கள் 'ஜப்பான்காரன் காலம்' என்று சொல்லும் அந்த மூன்றரை ஆண்டுகள், அவர்கள் வாழ்வில் எதை மாற்றின? இந்தக் கேள்விக்குத்தான் இன்று விடை தேட விரும்புகிறேன்.

போருக்கு முந்திய தோட்டம்

முதலில் போருக்கு முந்திய நிலையைப் பார்ப்போம். சிகாமட், லாபிஸ், குளுவாங், ரெங்கம், கூலாய், கோத்தா திங்கி என்று ஜொகூரில் எந்தப் பக்கம் திரும்பினாலும் ரப்பர்தான். கங்காணிமார்கள் வழியாகத் தமிழ்நாட்டிலிருந்து தொழிலாளர்கள் வந்தார்கள். தொடக்கத்தில் ஆண்களே அதிகம் வந்தனர். 1931ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி மலாயாவில் ஆயிரம் இந்திய ஆண்களுக்கு ஐந்நூறு பெண்கள்கூட இல்லை. தோட்டங்களில் பெண்களின் சொல் எடுபடாமல் போனதற்கு இந்த எண்ணிக்கைக் குறைவும் ஒரு காரணம்.

பெண்கள் செய்த வேலை என்ன? பால் வெட்டினார்கள், மங்கு துடைத்தார்கள், ஒட்டுப்பால் பொறுக்கினார்கள், புல் பிடுங்கினார்கள், பால் வாளியைச் சுமந்தார்கள். கைக்குழந்தையை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டு நிரைக்கு ஓடினார்கள். வேலை முடிந்து லயத்துக்கு வந்தால் அடுப்பு, தண்ணீர், விறகு, பிள்ளைகள். இத்தனைக்கும் கூலி எவ்வளவு? 1930களில் ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசு என்றால் பெண்ணுக்கு 40 காசு என்பதே வழக்கமாக இருந்தது. அந்த 40 காசையும் பெரும்பாலான வீடுகளில் எண்ணி வாங்கியது அவள் கை அல்ல.

இன்னொன்றையும் மறந்துவிடக் கூடாது. 1941ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத்தில் தோட்டத் தொழிலாளர்கள் பெரும் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஆர். எச். நாதன் முன்னின்று நடத்திய அந்தப் போராட்டத்தின் கோரிக்கைகளில் சம்பள உயர்வு இருந்தது, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூட வசதி இருந்தது. அவற்றோடு, பெண் தொழிலாளர்களிடம் தகாத முறையில் நடந்துகொள்வதை நிறுத்த வேண்டும் என்பதும் இருந்தது. ஆக, தோட்டத்துப் பெண் அதிகாரத்துக்கு முன்னால் எவ்வளவு பாதுகாப்பற்று நின்றாள் என்பதற்குப் போருக்கு முந்திய அந்தக் கோரிக்கையே சாட்சி.

வேலை இருந்தது. கூலி குறைவு. தீர்மானிக்கும் உரிமை இல்லை. துரைக்குக் கீழே கிராணி, கிராணிக்குக் கீழே கங்காணி, கங்காணிக்குக் கீழே கணவன், எல்லாருக்கும் கீழே அவள். இதுதான் போர் தொடங்கியபோது இருந்த நிலை.

துரை ஓடிய தோட்டம்

1941 டிசம்பர் 8ஆம் நாள் ஜப்பானியர்கள் கோத்தா பாருவில் கரையிறங்கினார்கள். அடுத்த ஆறே வாரங்களில் போர் ஜொகூருக்குள் வந்துவிட்டது. கிம்மாஸ், மூவார், பத்து பகாட், குளுவாங் என்று வரிசையாக எல்லாம் விழுந்தன. 1942 ஜனவரி 31ஆம் நாள் பிரிட்டிஷ் படைகள் சிங்கப்பூருக்குப் பின்வாங்கி, ஜொகூர்ப் பாலத்தை வெடி வைத்துத் தகர்த்தன. பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூரும் சரணடைந்தது.

வெள்ளைக்காரத் துரைமார்கள் தோட்டங்களை விட்டு ஓடிப்போனார்கள். இது தொழிலாளர்களின் மனத்தில் ஏற்படுத்திய அதிர்ச்சியை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். யாரைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்கி நிற்க வேண்டும் என்று பழக்கப்பட்டிருந்தார்களோ, அந்த மனிதரே பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடியதைக் கண்ணால் கண்டார்கள். அசைக்க முடியாது என்று நம்பியிருந்த அதிகாரம் ஒரே வாரத்தில் அசைந்துவிட்டது.

ஆனால் அந்த அதிகாரத்தோடு சேர்ந்து அரிசியும் போய்விட்டது. போருக்கு முன் மலாயா உண்ட அரிசியில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் பிற நாடுகளிலிருந்தும் வந்தது. அது நின்றுவிட்டது. ரப்பர் வாங்கிய மேற்கு நாடுகளின் சந்தையும் மூடிவிட்டது. பால் வெட்டினாலும் வாங்க ஆளில்லை என்னும்போது தோட்டத்தில் வேலை ஏது? ஜப்பானியர் அச்சடித்துத் தள்ளிய வாழைமர நோட்டின் மதிப்போ மாதத்துக்கு மாதம் சரிந்தது.

இந்த இடத்தில்தான் முதல் மாற்றம் நிகழ்ந்தது. குடும்பத்தைக் காப்பாற்றும் வேலை நிரையிலிருந்து மண்ணுக்கு மாறியது. செம்பனை ஓரங்களிலும், ரப்பர் மரங்களை வெட்டிய இடங்களிலும், லயத்தின் பின்புறத்திலும் மரவள்ளிக் கிழங்கும் சர்க்கரைவள்ளிக் கிழங்கும் முளைத்தன. எதை நட வேண்டும், எப்போது தோண்ட வேண்டும், எத்தனை நாளைக்கு மிச்சம் வைக்க வேண்டும், கிழங்கைக் கொடுத்து எதை மாற்றிக்கொள்ள வேண்டும் என்ற கணக்கெல்லாம் பெரும்பாலும் பெண்களின் தலையில் விழுந்தது. கூலிக்கு வேலை செய்தபோது கங்காணி சொன்னதைச் செய்தாள். கிழங்குத் தோட்டத்தில் அவளுக்குக் கங்காணி இல்லை. தன் அறிவை நம்பித் தானே முடிவெடுக்க வேண்டியதாயிற்று.

சயாமுக்குப் போன லாரிகள்

அடுத்து வந்தது பேரிடி. சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோ மீட்டர் நீள ரயில் பாதை போட ஜப்பானியர் முடிவு செய்தார்கள். 1942இன் பிற்பகுதியில் தொடங்கிய வேலை 1943 அக்டோபரில் முடிந்தது. அறுபதாயிரத்துக்கு மேற்பட்ட நேசநாட்டுப் போர்க்கைதிகளை அதற்குப் பயன்படுத்தினார்கள். அது போதவில்லை. மலாயா, பர்மா, சாவகம் முதலிய நாடுகளிலிருந்து ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட ஆசியத் தொழிலாளர்களைக் கொண்டுபோனார்கள். மலாயாவிலிருந்து போனவர்களில் பெரும்பாலோர் தோட்டத்துத் தமிழர்கள்.

மூன்று மாத வேலை, நாளுக்கு ஒரு வெள்ளி சம்பளம், சாப்பாடு இலவசம் என்று முதலில் ஆசை காட்டினார்கள். அரிசியைக் கண்ணால் காணாத தோட்டத்தில் அந்த வார்த்தைக்கு எவ்வளவு கவர்ச்சி இருந்திருக்கும்! போனவர்கள் திரும்பாததைக் கண்டு மற்றவர்கள் மறுத்தபோது, பலவந்தமாக லாரிகளில் ஏற்றினார்கள். சில இடங்களில் குடும்பத்தோடும் போனார்கள். காட்டுக்குள் காலரா, மலேரியா, வயிற்றுக்கடுப்பு, ஆறாத புண், பட்டினி. போர்க்கைதிகளுக்காவது கூடவே இராணுவ மருத்துவர்கள் இருந்தார்கள். நம்மவர்களுக்கு அதுவும் இல்லை. பல்லாயிரக்கணக்கில் மாண்டார்கள்.

சயாம் மரண ரயிலைப் பற்றி நாம் பேசும்போது மாண்ட ஆண்களைப் பற்றிப் பேசுகிறோம். பேச வேண்டியதுதான். ஆனால் லாரி புறப்பட்ட பிறகு லயத்து வாசலில் நின்றவளைப் பற்றி எத்தனை முறை பேசியிருக்கிறோம்? மூன்று மாதம் என்று சொல்லிப் போனவன் ஆறு மாதமாகியும் வரவில்லை. கடிதம் இல்லை, செய்தி இல்லை. அவள் சுமங்கலியா, விதவையா என்று அவளுக்கே தெரியாது. பொட்டு வைத்துக்கொள்வதா, அழிப்பதா? சடங்கு செய்வதா, காத்திருப்பதா? ஊர்வழக்கம் இதற்கெல்லாம் விடை வைத்திருக்கவில்லை. போர் முடிந்த பிறகும் பல ஆண்டுகள் காத்திருந்த பெண்கள் உண்டு என்பதைத் தோட்டங்களில் வளர்ந்தவர்கள் அறிவார்கள்.

அந்தக் காத்திருப்பின் நடுவில்தான் அவள் குடும்பத் தலைவியானாள். யாரும் பட்டம் கட்டி அவளைத் தலைவியாக்கவில்லை. தலைவன் இல்லாததால் தலைவியானாள். மகளுக்கு மாப்பிள்ளை பார்த்தாள். மகனை எந்த வேலைக்கு அனுப்புவது என்று முடிவு செய்தாள். இருந்த தோட்டிலும் மூக்குத்தியிலும் எதை விற்பது, எதை வைத்திருப்பது என்று தீர்மானித்தாள். பக்கத்து லயத்துப் பெண்ணோடு கூட்டுச் சேர்ந்து பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டாள்.

இதை நான் வெற்றிக் கதையாகச் சொல்லவில்லை. இதன் மறுபக்கமும் உண்டு. ஜப்பானியச் சிப்பாய்களுக்கு அஞ்சிப் பெண்பிள்ளைகளுக்கு அவசர அவசரமாகக் கலியாணம் முடித்தார்கள். பன்னிரண்டு, பதின்மூன்று வயதுச் சிறுமிகளின் முகத்தில் கரி பூசினார்கள், முடியை வெட்டி ஆண்பிள்ளை வேடம் போட்டார்கள். தாய்க்குச் சுமையோடு அதிகாரத்தைக் கொடுத்த அதே போர், மகளிடமிருந்து பிள்ளைப் பருவத்தைப் பறித்துக்கொண்டது. இரண்டையும் சேர்த்துத்தான் நாம் பார்க்க வேண்டும்.

துப்பாக்கி ஏந்திய கைகள்

இரண்டாவது மாற்றம் சிங்கப்பூரில் தொடங்கியது. 1943 ஜூலை 2ஆம் நாள் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் அங்கு வந்து சேர்ந்தார். ஜூலை 9ஆம் நாள் பாடாங் திடலில் பேசும்போது, பெண்களுக்கென ஒரு படைப்பிரிவு வேண்டும் என்று அறைகூவல் விடுத்தார். சென்னையில் மருத்துவம் படித்துவிட்டுச் சிங்கப்பூரில் மருத்துவராக இருந்த லட்சுமி சுவாமிநாதன் அதைத் தலைமை தாங்க முன்வந்தார். 1943 அக்டோபர் 22ஆம் நாள் சிங்கப்பூர் வாட்டர்லூ சாலையில் ஜான்சி ராணிப் படையின் முகாம் திறக்கப்பட்டது.

படையில் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் மலாயாவில் வாழ்ந்த தமிழ்ப் பெண்கள். அவர்களில் இரு வகையினர் இருந்தார்கள். கோலாலம்பூர் ஜானகி தேவர், ஈப்போவைச் சேர்ந்த இராசம்மா நவரத்தினம் போன்ற, பள்ளியில் படித்த, வசதியுள்ள வீட்டுப் பெண்கள் ஒரு வகை. ஜானகிக்கு அப்போது 18 வயது. இராசம்மாவுக்கு 16 வயது. மற்றொரு வகையினர் தோட்டங்களிலிருந்து வந்தவர்கள். பலருக்குக் கையெழுத்துப் போடவும் தெரியாது.

ஏன் வந்தார்கள்? நாட்டுப்பற்று ஒரு காரணம். வேறு காரணங்களும் இருந்தன என்று சொல்வதால் அவர்கள் பெருமை குறைந்துவிடாது. முகாமில் சோறு கிடைத்தது. சிப்பாய்களின் தொல்லையிலிருந்து பாதுகாப்புக் கிடைத்தது. லயத்து வாழ்வைவிட்டு வெளியே வர ஒரு வழி கிடைத்தது. பசியிலிருந்து தப்பிக்க வந்தவள் விடுதலைப் போராளியாக மாறினாள் என்றால், அது பெருமைதானே தவிரக் குறையில்லை.

முகாமில் அவர்கள் என்ன செய்தார்கள்? சேலையைக் களைந்து காற்சட்டை அணிந்தார்கள். பலர் கூந்தலைக் கத்தரித்துக்கொண்டார்கள். அணிவகுப்பு, துப்பாக்கி சுடுதல், ஈட்டிமுனைப் பயிற்சி, கையெறி குண்டு, முதுகில் மூட்டையோடு நெடுந்தூர நடை என்று ஆண் சிப்பாய்களுக்குரிய பயிற்சிகள் தரப்பட்டன. எழுத்தறிவும் இந்துஸ்தானியும் கற்பித்தார்கள். எல்லா சாதியினரும் ஒரே பந்தியில் உண்டார்கள். தோட்டத்துப் பெண்ணுக்கு அருகில் வசதியுள்ள வீட்டுப் பெண் படுத்து உறங்கினாள். போருக்கு முந்திய மலாயாவில் இந்த இருவரும் ஒரே பாயில் அமர்ந்திருப்பார்களா என்று கேட்டுப் பாருங்கள், மாற்றத்தின் அளவு புரியும்.

1944இல் அவர்கள் பர்மாவுக்குப் புறப்பட்டார்கள். சிங்கப்பூரிலிருந்து கிளம்பிய ரயில் ஜொகூரைக் கடந்து, மலாயா முழுவதையும் கடந்து, சயாமுக்குள் சென்றது. அங்கிருந்து பர்மாவுக்குப் போக அவர்கள் பயணம் செய்தது எந்தப் பாதையில் தெரியுமா? ஓராண்டுக்கு முன் நம் தோட்டத்து ஆண்கள் உயிரைக் கொடுத்துப் போட்ட அதே மரண ரயில் பாதையில்தான். அந்தப் பெட்டிகளில் இருந்த தோட்டத்துப் பெண்களில், தன் தகப்பனோ அண்ணனோ எந்த மைல்கல்லின் அருகில் விழுந்தான் என்று தெரியாமலேயே அந்த இடத்தைக் கடந்து போனவர்கள் எத்தனை பேரோ!

போர்முனையில் நேருக்கு நேர் நின்று சண்டையிடும் வாய்ப்பு அவர்களுக்கு வரவில்லை. இம்பால் போர் தோல்வியில் முடிந்தது. மேமியோவில் காயமுற்ற வீரர்களுக்குப் பணிவிடை செய்தார்கள். 1945 ஏப்ரல் இறுதியில் ரங்கூனை விட்டுப் பின்வாங்கியபோது, ஜானகி உள்ளிட்டோர் நேதாஜியோடு வாரக்கணக்கில் குண்டுவீச்சுக்கு நடுவே நடந்தார்கள். திரும்பும் வழியில் ரயிலில் நடந்த தாக்குதலில் ஜான்சி ராணிகள் இருவர் உயிரிழந்தார்கள்.

ஜொகூரின் மற்றப் பெண்கள்

தமிழ்ப் பெண்களை மட்டும் பேசிவிட்டு நிறுத்திக்கொள்வது முறையாகாது. ஜொகூரின் காடுகளில் ஜப்பானியரை எதிர்த்துப் போரிட்ட மலாயா மக்கள் எதிர்ப்புப் படையில் சீனப் பெண்கள் தூது சென்றார்கள், சமைத்தார்கள், மருத்துவப் பணி செய்தார்கள். மலாய்ப் பெண்களோ போர் முடிந்ததும் வீதிக்கு வந்தார்கள். 1946இல் மலாயன் யூனியன் திட்டத்தை எதிர்த்து நடந்த கூட்டங்களில் மலாய்ப் பெண்கள் திரளாகக் கலந்துகொண்டதைக் கண்டு, நிலைமையைப் பார்க்க வந்த பிரிட்டிஷ் நாடாளுமன்ற உறுப்பினர்களே வியந்தார்கள். அம்னோ தோன்றிய நகரமும் ஜொகூர் பாருதான், ஆண்டு 1946.

அந்த ஜொகூர் பாருவில் வாழ்ந்தவர் கதீஜா சீடேக். சுமத்திராவில் பிறந்து, அங்கே டச்சுக்காரர்களை எதிர்க்கப் பெண்கள் படையைத் திரட்டியவர். இங்கு வந்தபின் 1948இல் அவசரகாலச் சட்டத்தின்கீழ்ச் சிறைப்பட்டார். சிறையிலேயே குழந்தை பெற்றார். விடுதலையான பின் ஜொகூர் பாருவில் தங்க வைக்கப்பட்டார். பிறகு அம்னோவின் பெண்கள் பிரிவான கவும் இபுவுக்குத் தலைவியானார். பெண்களுக்குக் கூடுதல் இடம் வேண்டும் என்று கேட்டார். 1956இல் கட்சியிலிருந்து நீக்கப்பட்டார். 1959இல் பாஸ் கட்சியின் சார்பில் டுங்குன் தொகுதியில் வென்று நாடாளுமன்றம் சென்றார். போராட்டக் காலத்தில் படை திரட்டிய பெண்ணை, அமைதிக் காலத்தில் தேநீர் பரிமாறச் சொன்னால் ஒப்புக்கொள்வாளா? ஒப்புக்கொள்ளவில்லை என்பதற்குக் கதீஜாவின் வாழ்க்கையே சான்று.

போர் முடிந்தது, எது மிஞ்சியது?

1945 செப்டம்பரில் பிரிட்டிஷார் திரும்பி வந்தார்கள். துரைமார்களும் திரும்பினார்கள். பெரட்டுக்களத்தில் மறுபடியும் மணி அடித்தது. அப்படியானால் எல்லாம் பழையபடி ஆகிவிட்டதா?

படித்த ஜான்சி ராணிகள் பொதுவாழ்வில் புகுந்தார்கள். ஜானகி தேவர் 1946இல் மலாயா இந்தியர் காங்கிரஸ் உருவானபோது அதில் பங்கேற்றார். ஜானகி ஆதி நாகப்பன் என்ற பெயரில் பின்னாளில் மேலவை உறுப்பினரானார். இந்திய அரசு 2000ஆம் ஆண்டு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது. 2014இல் மறைந்தார். இராசம்மா பூபாலன் ஆசிரியையானார். 1960இல் பெண் ஆசிரியர்களுக்கெனச் சங்கம் கண்டு, ஒரே வேலைக்கு ஒரே சம்பளம் என்ற கோரிக்கையை முன்வைத்துப் போராடினார். அரசாங்கச் சேவையில் சம ஊதியம் 1960களின் இறுதியில் கைகூடியது. 50 காசு, 40 காசு என்று தொடங்கிய கணக்கை நினைத்துப் பார்த்தால், அந்தப் போராட்டத்தின் அருமை விளங்கும்.

ஆனால் தோட்டத்திலிருந்து போன ராணிகள்? அவர்கள் சீருடையைக் களைந்துவிட்டு மறுபடி லயத்துக்கு வந்தார்கள். உளியை எடுத்துக்கொண்டு நிரைக்குப் போனார்கள். ஜப்பானியரோடு சேர்ந்திருந்த படை என்பதால் அதைப் பற்றி வெளியே பேச அஞ்சினார்கள். முடி வெட்டி, காற்சட்டை போட்டு, முகாமில் இருந்துவிட்டு வந்தவள் என்பதை மறைத்தால்தான் கலியாணம் நடக்கும் என்ற நிலையும் இருந்திருக்கும். ஒரே முகாமில், ஒரே சோற்றை உண்டவர்களில் ஒரு பகுதியினர் வரலாற்றில் ஏறினார்கள். மறுபகுதியினர் செக்ரோலில் ஏறினார்கள். போர் துடைத்த வேறுபாட்டை அமைதிக்காலம் மறுபடி எழுதிவிட்டது. இதை நாம் வருத்தத்தோடு ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

இருந்தாலும் முழுவதும் பழையபடி ஆகவில்லை என்பதே என் கருத்து. அதற்கு இரண்டு காரணங்கள் சொல்வேன்.

ஒன்று, குடும்பத்தின் அமைப்பே மாறிவிட்டது. இந்திய அரசு 1938இல் மலாயாவுக்குத் தொழிலாளர் வருவதைத் தடை செய்திருந்தது. போரில் ஆண்கள் மாண்டார்கள். தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்த பெண்கள் பெருகினார்கள். 1947ஆம் ஆண்டுக் குடிமதிப்பில் மலாயா இந்தியர்களின் மொத்த எண்ணிக்கை 1931ஐவிடக் குறைந்திருந்தது. ஆனால் ஆயிரம் ஆண்களுக்கு அறுநூறுக்கும் மேற்பட்ட பெண்கள் இருந்தார்கள். தோட்டம் என்பது ஆண்கள் வந்து போகும் இடமாக இருந்தது போய், பெண்கள் வேரூன்றிய ஊராகிவிட்டது.

இரண்டு, அதிகாரத்தின்மேல் இருந்த அச்சம் தெளிந்துவிட்டது. 1946, 1947ஆம் ஆண்டுகளில் தோட்டங்களில் தொழிற்சங்கங்களும் வேலைநிறுத்தங்களும் பெருகின. கெடாவில் தொண்டர் படை கள்ளுக்கடைகளை எதிர்த்து மறியல் செய்தபோது பெண்களும் அதில் நின்றார்கள். கள் குடும்பத்தை எப்படி அழிக்கும் என்று அவர்களைவிட யாருக்குத் தெரியும்? கூலி கூட்டிக் கேட்பதோடு நில்லாமல், அந்தக் கூலி வீட்டுக்கு வந்து சேர வேண்டும் என்று கேட்டார்கள். குடும்பத்தைத் தனியாக நடத்திப் பார்த்த ஒரு தலைமுறைக்கே இப்படிக் கேட்கத் தோன்றும்.

1948இல் அவசரகாலம் வந்தது. அதன் கடுமையை அதிகம் கண்ட மாநிலங்களில் ஜொகூர் ஒன்று. பிரிக்ஸ் திட்டம் 1950 ஜூன் மாதம் முதலில் இங்கேதான் தொடங்கியது. தோட்டத்து லயங்களையும் முள்வேலிக்குள் கொண்டுவந்தார்கள். காலையில் வேலைக்குப் போகும் பெண்களை வாசலில் நிறுத்திச் சோதனை போட்டார்கள். காட்டிலிருப்பவர்களுக்குப் போய்விடும் என்று நிரைக்குச் சோறு கொண்டுபோகவும் தடை. வெறும் வயிற்றோடு பால் வெட்டிவிட்டு வந்து பிள்ளைகளுக்குச் சமைத்தவர்கள் அவர்கள். ஜப்பான்காரன் காலத்தைக் கடந்தவர்கள் என்பதால் இதையும் கடந்தார்கள்.

நாம் பட்ட கடன்

போர் பெண்களுக்கு விடுதலை தந்தது என்று நான் சொல்ல மாட்டேன். போர் எதையும் தரவில்லை. எடுத்துக்கொள்ள மட்டுமே தெரிந்தது அதற்கு. ஆனால் அது எல்லாவற்றையும் எடுத்துக்கொண்ட பிறகு, மிஞ்சியிருந்த இடத்தில் நின்று குடும்பத்தைக் கட்டியவர்கள் பெண்கள். அந்த அனுபவத்தை அவர்கள் தங்கள் மகள்களுக்குச் சொன்னார்கள். 'நீயாவது படி' என்று தோட்டத்துத் தாய் சொன்ன சொல்லுக்குப் பின்னால் அந்த மூன்றரை ஆண்டுகள் இருக்கின்றன. பிறகு அந்த மகள்களின் மகள்கள் ஜொகூர் பாருவிலும் சினாயிலும் பாசிர் கூடாங்கிலும் தொழிற்சாலைப் பேருந்து ஏறினார்கள். பலர் பல்கலைக்கழகம் சென்றார்கள். பால் அடிப்படையில் வேற்றுமை காட்டலாகாது என்ற சொல் நம் கூட்டரசு அரசியலமைப்புச் சட்டத்தின் 8(2)ஆவது பிரிவில் 2001இல் சேர்க்கப்பட்டது. அந்த ஒரு சொல்லுக்குப் பின்னால் எத்தனை தலைமுறைப் பெண்களின் உழைப்பு இருக்கிறது!

காஞ்சனபுரியில் நேசநாட்டு வீரர்களின் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. ஏறக்குறைய ஏழாயிரம் கல்லறைகள். பெரும்பாலானவற்றில் பெயர், வயது, படைப்பிரிவு எல்லாம் பொறித்து, இன்றுவரை புல்வெட்டிப் பராமரிக்கிறார்கள். அது அவர்களின் கடமையுணர்வு, பாராட்டுவோம். நம்மவர்களில் பெரும்பாலோருக்குப் பெயர் சொல்லும் கல் இல்லை. அவர்களுக்காகக் காத்திருந்த பெண்களுக்கோ ஏட்டில் ஒரு வரிகூட இல்லை.

கல் வைப்பது அரசும் அமைப்புகளும் செய்ய வேண்டிய வேலை. ஏட்டில் எழுதுவது நாம் செய்யக்கூடிய வேலை. அந்தக் காலத்தில் பெரியவர்களாக இருந்தவர்கள் இன்று இல்லை. சிறுமிகளாக இருந்தவர்களில் ஒருசிலரே, தொண்ணூறை ஒட்டிய அல்லது கடந்த வயதில், நம் வீடுகளில் இருக்கிறார்கள். அவர்களும் போய்விட்டால், தாயிடம் கேட்டதைச் சொல்லும் பிள்ளைகள் மட்டுமே மிஞ்சுவார்கள். ஆகவே நேயர்களை ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இந்த வாரமே உங்கள் வீட்டுப் பெரியவரிடம் அமருங்கள். எந்தத் தோட்டம், யார் சயாமுக்குப் போனார்கள், யார் திரும்பவில்லை, அந்த நாள்களில் வீட்டை நடத்தியது யார், என்ன சாப்பிட்டீர்கள் என்று கேளுங்கள். பெயரோடும் ஊரோடும் எழுதி வையுங்கள். கைத்தொலைபேசியில் குரலைப் பதிவு செய்யுங்கள். 'எனக்கு என்னப்பா தெரியும், நான் படிக்காதவள்' என்று அவர்கள் தொடங்கலாம். அதைக் கேட்டு எழுந்து போய்விடாதீர்கள். நம் வரலாற்றில் எழுதப்படாத பக்கங்களைத் தெரிந்தவர்கள் அந்தப் படிக்காதவர்கள்தான்.